பௌர்ணமியன்று படகுக்காரர்களைக் கூப்பிட்டேன்

“எங்க வீட்டு நாலு பேர ஒரே நேரத்துல சாப்பிட உட்கார வைக்க முடியல. நீ நாப்பது படகுக்காரங்களையும் கவர்மெண்டையும் ஒரே ஹால்ல உட்கார வைக்கப் போறியா? பாத்துலா!”

பூச்சோங்கில் இருக்கும் மாமா இப்படிச் சொன்னபோது நான் கருணையோடு சிரித்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அதோடு நிற்காமல் கடலியலில் பட்டமும் வாங்கியவள். (என் பட்டமளிப்புப் படம் வீட்டில் முருகன் படத்தைவிட ஓர் அங்குலம் உயரத்தில் தொங்குகிறது. அம்மாவின் வேலை. நான் தடுக்கவில்லை.)

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சிறிய கடல்வளப் பாதுகாப்புக் குழுவில் எனக்கு வேலை. கிள்ளானுக்கு அப்பால் ஒரு கழிமுகம், குட்டி நண்டுகள் வளரும் இடம். வருஷத்துக்கு வருஷம் அங்கே நண்டு சிறுத்துக்கொண்டே வந்தது. ஆண்டுக்கு இரண்டு மாதம் அங்கே யாரும் வலை போடுவதில்லை என்று படகுக்காரர்களும் மீன்வள அதிகாரியும் சேர்ந்து ஒப்புக்கொள்ள வேண்டும். அதிகாரி ஒரே ஒரு கூட்டத்துக்கு வரச் சம்மதித்தார். ஆள் சேரவில்லை என்றால் கோப்பை மூடிவிடுவதாகவும் சொல்லிவிட்டார். கோப்போடு என் வேலையும் மூடப்படும்.

நல்ல காரியமாயிற்றே! அம்மா நாட்காட்டியைப் பார்த்துச் சொன்னார்: “வியாழக்கெழம, பௌர்ணமி. அதவிட நல்ல நாள் ஏது?”

கேட்டேன். நிலவு எப்படிக் கடலை இழுக்கிறது என்று பரீட்சையில் படம் வரைந்து முழு மதிப்பெண் வாங்கியவள், மறுபேச்சில்லாமல் கேட்டேன். படகுக்காரர்களின் சார்பில் பேசும் மணியம் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் தேதியை அனுப்பினேன். (அவரைக் கேட்கவில்லை. அறிவித்தேன்.) அவர் ஒரு முழு நிலவுப் படமும் ஒரு சிரிக்கும் முகமும் அனுப்பினார். “பாருங்கம்மா, அவருக்கும் நம்பிக்கை இருக்கு!” என்றேன்.

வியாழன் மாலை நாலு மணி. படகுத்துறையை ஒட்டிய பொது மண்டபத்தில் அறுபது பிளாஸ்டிக் நாற்காலிகள், அறுபது நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்கள், புரொஜெக்டர், நான். அதிகாரி காலில் பளபளக்கும் சப்பாத்தோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். நாலரை ஆயிற்று. துறையில் ஒரு படகுகூட இல்லை.

எதிர்த் தேநீர்க்கடையில் தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்த அக்காவிடம் ஓடினேன். “எல்லாரும் எங்கேக்கா?”

“கடல்லதான். இன்னிக்குப் பௌர்ணமி, பெரிய தண்ணி ஓடுற நாளு. வலை போடாம உன் கூட்டத்துல வந்து கொட்டாவி விடுவாங்களாம்மா?” என்றவர் என் காலைப் பார்த்தார். “செருப்பக் கையில எடுத்துக்க. இந்தப் பக்கம் தண்ணி ஏறும்.”

ஏறியது. வாசற்படியைத் தாண்டி, மரியாதையாக, வரிசை வரிசையாக உள்ளே வந்தது. மின்சாரத்தை அணைக்க ஓடினேன். அதற்குள் திரையில் இரண்டாவது படம் தானாக வந்திருந்தது, மலாயிலும் தமிழிலும்: ‘நிலவும் கடலேற்றமும்’. அதிகாரி அதைப் படித்தார். தண்ணீரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் கழற்றிவைத்த சப்பாத்துகளில் ஒன்று மிதந்து கதவை நோக்கிக் கிளம்பியது. நாங்கள் இருவரும் நாசி லெமாக்கை மடியில் அடுக்கிக்கொண்டு மேசைமேல் ஏறி உட்கார்ந்தோம். அவர் கோப்பைத் திறந்து பேனாவை எடுத்தார்.

அப்போதுதான் இன்ஜின் சத்தம் கேட்டது. ஏறும் தண்ணீரோடு படகுகள் திரும்பிக்கொண்டிருந்தன. மணியம் அண்ணன் தன் படகை மண்டபத்து வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தினார்.

“தங்கச்சி, கூட்டத்துக்கு வந்துட்டோம். செருப்பக் கழட்டிட்டுதான் உள்ள வரணுமா?”

எங்களைத் தூக்கிப் படகில் போட்டார்கள். மற்ற படகுகளும் சுற்றி வந்து கட்டிக்கொண்டன. எப்போதும் அபராதம் எழுத வரும் அதிகாரி இன்று வெறுங்காலோடு நண்டுக் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

“புடிச்ச ஆபீசர அளவு பாத்தீங்களாண்ணே? சின்னதா இருந்தா திருப்பிக் கடல்லயே விடணும்!” என்றது பக்கத்துப் படகு. மணியம் அண்ணன் அதை அதிகாரிக்கு மலாயில் சொன்னார். (என் உத்தியோகம் கண்முன்னே மூழ்கியது.) அதிகாரி வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்ததும் கூடையிலிருந்து ஒரு நண்டைத் தூக்கி, இது ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று கேட்டார். எல்லாரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். நான் தயாரித்த முப்பது படங்களிலும் இல்லாத பதில்கள்.

நாசி லெமாக் தீர்ந்தபோது மணியம் அண்ணன் சொன்னார்: “ரெண்டு மாசம் மூடுறதப் பேசுவோம். ஆனா இனிமே அஷ்டமி, நவமியில கூப்புடு. அப்பத் தண்ணி செத்துக் கெடக்கும், நாங்களும் கரையில சும்மா கெடப்போம்.”

தேய்பிறை அஷ்டமியன்று, அம்மா தலையில் அடித்துக்கொள்ள, முப்பத்தெட்டுப் பேர் வந்து கையெழுத்திட்டார்கள்; கோப்பை மூடாத அதிகாரியும் போட்டார். இரண்டு ஆண்டுகளாகக் கழிமுகம் அந்த இரண்டு மாதமும் மூடிக் கிடக்கிறது. வீட்டில் எந்த விசேஷத்துக்கு மண்டபம் பார்த்தாலும், “எத்தனை படகு நிறுத்தலாம்?” என்று யாராவது என்னைக் கேட்காமல் இருப்பதில்லை.

இப்போது படகுக்காரர்களின் குறை வேறு: தாங்கள் விட்டுவைக்கும் குட்டி நண்டை வெளியாட்கள் திருட்டுத்தனமாகப் பிடித்துச் செலாயாங் மொத்தச் சந்தையில் விற்கிறார்கள். போன வாரம் அங்கே போனேன். “நான் வாங்காட்டி பக்கத்துக் கடைக்காரன் வாங்குவான்மா” என்றார் ஒரு நண்டு வியாபாரி. பக்கத்துக் கடைக்குப் போனேன். அவரும் அதையே சொன்னார். அடுத்த கூட்டத்துக்கு இருவரையும் ஒன்றாக ஏற்றிவர வேனுக்குச் சொல்லியாயிற்று.