தோற்பதற்கென்றே ஒரு வெளிநாட்டான்

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

வணக்கம். இங்கே நானும் உங்கள் தங்கையும் சௌக்கியம். என் முழங்கால் மட்டும் சௌக்கியமில்லை, அது யாரையும் நலம் விசாரிக்கும் மனநிலையிலும் இல்லை. அங்கே வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், கட்டை விரலில் கட்டுப் போட்டிருக்கிறேன்.

சம்பந்தி வந்த கதையைக் கேட்டிருந்தீர்கள். என் பிழைப்பு உங்களுக்குத் தெரியாததில்லை. சனிக்கிழமை மல்யுத்தத்தில் நான்தான் வெளிநாட்டான். கம்பளிக் கோட்டு, ஒட்டு மீசை, மீந்துபோன துணியில் உங்கள் தங்கை தைத்துக் கொடுத்த, உலகத்தில் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஒரு கொடி, இவ்வளவுதான் மூலதனம். நடுவர் திரும்புகிற நேரத்தில் எதிராளியின் கண்ணில் விரலை விடவேண்டும், அப்புறம் அவனிடம் உதை வாங்கித் தோற்கவேண்டும். தலை நரைத்தும் வாராவாரம் தோற்றுக்கொண்டிருக்கிறேன். எங்கள் தெருப் பல் டாக்டர் இருக்கிறாரே, கிளினிக்கில் "கொஞ்சம் வாயைத் திறங்க சார், வலிக்காது சார்" என்று அத்தனை பதமாகப் பேசுவார். அதே மனுஷர் சனிக்கிழமை வந்துவிட்டால் முன்வரிசையில் ஏறி நின்று "உன் நாட்டுக்கே ஓடுடா!" என்று தொண்டை கிழியக் கத்துவார். நான் பிறந்ததே அவர் கிளினிக்குக்கு எதிர்வீட்டில்தான். யாரிடம் போய்ச் சொல்வது?

இந்த லட்சணத்தில் நம் பெண் நிஜமாகவே ஒரு வெளிநாட்டுக்காரரைக் கட்டிக்கொண்டாள். வாராவாரம் ஊரே விரட்டுகிற ஆளையே வீட்டுக்குள் கூட்டி வந்துவிட்டாயே என்று நீங்களே கேலி செய்தீர்கள், கல்யாணத்துக்கும் வரவில்லை. போகட்டும். மருமகன் தங்கமான பிள்ளை. அடுத்த மாதம் அவளை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போகிறார், அங்கே அப்பா அம்மாவோடு ஒரே வீட்டில்தான் குடித்தனம். அந்தச் சம்பந்திகள்தான் எங்களைப் பார்க்க வந்தார்கள். நான் உடற்பயிற்சி சம்பந்தமான வேலையில் இருப்பதாகச் சொல்லி வைத்திருந்தேன். பஸ் நிறுத்தத்துச் சுவரில் கோட்டும் மீசையும் கொடியுமாக என் மூஞ்சி போட்ட போஸ்டரைப் பார்த்துவிட்டு, ஆட்டத்துக்கு வந்தே தீருவேன் என்று சம்பந்தி ஒற்றைக் காலில் நின்றார். இங்கே வெளிநாட்டுக்காரனுக்கு நடக்கிற மரியாதையை அவர் கண்ணால் பார்த்தால், நாளைக்கு அங்கே தனியாக நிற்கப்போகிற என் பெண்ணிடம் எந்த முகத்தைக் காட்டுவார்?

மேனேஜரிடம் ஓடினேன்.

"சார், இந்த ஒரு வாரம் நான் உள்ளூர்க்காரனா வர்றேன். வீட்டு புரோக்கர். ஒழுகுற வீட்டையெல்லாம் ஜனங்க தலையில கட்டுறவன். வெறுக்க மாட்டாங்களா?"

"புரோக்கரை அவங்க வீட்ல உக்காந்தே வெறுத்துக்குவாங்க. அதுக்கு டிக்கெட் வாங்கிட்டு வருவாங்களா?" என்றார். ஆனாலும் என் முகத்தைப் பார்த்து அரை மனதோடு சம்மதித்தார்.

சனிக்கிழமை கோட்டும் இல்லாமல் மீசையும் இல்லாமல், அரைக்கைச் சட்டையும் கையில் சாவிக்கொத்துமாக மேடை ஏறினேன். அரங்கத்தில் ஒரு சத்தமில்லை. யாரோ மரியாதைக்குக் கைகூடத் தட்டினார்கள். முன்வரிசையில் சம்பந்தி, சம்பந்தியம்மா, மருமகன், நம் பெண். அப்பாடா என்று ஒரு சிரிப்புச் சிரித்தேன், அதுதான் வினையாகப் போயிற்று. பல் டாக்டர் எழுந்து என் வாயை உற்றுப் பார்த்தார். அந்தக் கடைவாய்ப் பல்லை அடைத்ததே அவர்தான். "டேய், இது அந்த வெளிநாட்டான்டா! நம்மாளு மாதிரி வேஷம் போட்டுட்டு உள்ள வந்துட்டான்டா!" என்று அலறினார். அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு ஆத்திரத்தை நான் பார்த்ததில்லை. செருப்பு பறந்தது, தண்ணீர் பாட்டில் பறந்தது, நடுவருக்கும் ஒன்று விழுந்தது. எதிராளி நல்ல பையன், வழக்கப்படி நான் கண்ணில் விரலை விட்டதும் என் கழுத்தைப் பிடித்துக்கொண்டே காதில், "அண்ணே, சீக்கிரம் விழுந்துருங்கண்ணே, விட்டா என்னையும் சேர்த்து அடிப்பாங்க" என்று கெஞ்சினான். விழுந்தேன். விழுந்த இடத்திலிருந்து கயிற்றுக்குக் கீழே பார்த்தால், நம் பெண் முகத்தை மூடிக்கொண்டிருக்கிறாள், சம்பந்தி எழுந்து நின்று முஷ்டியை ஆட்டி என்னவோ கத்துகிறார். தீர்ந்தது கதை என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

சம்பந்தி உடை மாற்றும் அறைக்கே வந்துவிட்டார், மச்சான். வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கண்ணைத் துடைத்தபடி அவர் பாஷையில் நீளமாக என்னென்னவோ பேசினார். மருமகன் தரையைப் பார்த்துக்கொண்டு, "ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு சொல்றார், மாமா" என்றார். அத்தனை பேச்சுக்கும் அவ்வளவுதான் அர்த்தம்.

எனக்குத் தாங்கவில்லை. ஒரு கூட்டமே அவரைப் போன்ற ஒரு வெளிநாட்டானை ஓடு ஓடு என்று விரட்டும்போது, என் மானத்தைக் காப்பாற்றுவதற்காகக் கூடச் சேர்ந்து கத்தியிருக்கிறாரே, எப்பேர்ப்பட்ட மனசு! மறுநாளே மேனேஜரிடம் போய், பட்டினி கிடந்தாலும் இனி அந்தக் கோட்டைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உடம்பு வலித்தாலும் மனசு லேசாக இருக்கிறது. நீங்களும் வீம்பை விட்டுவிட்டு, உங்கள் மருமகள் கிளம்புவதற்குள் ஒருநாள் வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசியும் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் நம் பெண் வந்து அந்த நீளப் பேச்சுக்கு முழு அர்த்தத்தையும் சொல்லிவிட்டாள். அவர்களுக்கு ஒரு பக்கத்து நாடு இருக்கிறதாம். நான் போடுவது அந்த நாட்டுக்காரன் வேஷம் என்றே சம்பந்தி நினைத்திருக்கிறார். "அந்தத் திருட்டுப் பயல்களை அப்படியே உரிச்சு வச்சிருக்கீங்க, அவங்க நிஜமாவே கண்ணுல விரலை விடுற ஜாதிதான்" என்று சொல்லித்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். அடுத்த சனிக்கிழமைக்கும் முன்வரிசை வேண்டுமாம். மேனேஜரிடம் பேசிவிட்டேன், கோட்டு வெயிலில் காய்கிறது. நீங்கள் கவலைப்பட வேண்டாம். நம் பெண் அங்கே நன்றாகவே இருப்பாள் மச்சான், அவர்களுக்கு வெறுக்க வேறு ஆள் இருக்கிறது.