மாமாவின் கிளியை நான் முக்கோணமாக்கிய கதை

பத்தொன்பது வயதில், கிளிக்கு இரண்டு கண்களும் ஒரே கன்னத்தில் இருக்கலாம் என்று நான் மனப்பூர்வமாக நம்பினேன். நம்பியதோடு நிறுத்தியிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அதை அச்சடித்து ஊதுவத்தி பாக்கெட்டின் மேல் ஒட்டவும் வைத்தேன்.

ஐம்பதுகளின் கடைசி அது. பெங்களூரில் விளம்பர ஓவியம் கற்றுத்தரும் ஒரு பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அல்சூரில் சரோஜா அத்தை வீட்டில் தங்கல். மாமா ஆரம்பித்த கிளி மார்க் ஊதுவத்தித் தொழிலை, அவர் இறந்த பிறகு அத்தைதான் நடத்திவந்தார். வீட்டின் பின்கட்டில் ஆறு பெண்கள் பலகை முன் உட்கார்ந்து வத்தி உருட்டுவார்கள். எல்லோரும் நீலசந்திராவிலிருந்து நடந்தே வருகிறவர்கள். அந்தோணியம்மாள்தான் அவர்களில் மூத்தவர்.

பாக்கெட்டின் மேல் இருந்த பச்சைக்கிளி மாமா கைப்பட வரைந்தது. கொய்யாக் கிளையில் உட்கார்ந்து கழுத்தைத் திருப்பி நம்மைப் பார்க்கும். எனக்கு அது வெறும் காலண்டர் படமாகத் தெரிந்தது. (காலண்டர் என்பது எங்கள் வகுப்பில் கெட்ட வார்த்தை.)

வீட்டில் புழங்கும் பொருள்களின் லேபிளை நவீன ஓவிய பாணியில் மாற்றி வரையவேண்டும் என்பது அந்த வருஷத்துப் பயிற்சி. தீப்பெட்டியை முழுக்க முழுக்கப் புள்ளிகளால் வரைந்தேன். மூக்குப்பொடி டப்பாவுக்குக் கனவு பாணியில் மூக்கே இல்லாத ஒரு முகம். கடைசியாகக் கிளியை எடுத்துக்கொண்டேன். ஒரு பொருளை எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் பார்ப்பதுதான் க்யூபிசம் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். ஏழு முக்கோணம், ஒரு அரைவட்டம், மூக்குக்கு ஒரு சிவப்பு ஆப்பு, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கண். வகுப்பிலேயே முதல் மார்க் அதற்குத்தான். தலைகால் புரியவில்லை.

அத்தையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் தலைகீழாகப் பிடித்திருந்தார். நேராகத் திருப்பிக் கொடுத்தேன். முகத்தில் மாற்றம் ஒன்றும் இல்லை.

"இது எங்கடா பாக்குது?" என்றார்.

எல்லாப் பக்கமும் பார்க்கிறது என்று சொல்லி, பாரிஸில் ஆரம்பித்து அரைமணி நேரம் விளக்கினேன். பழைய லேபிள் தீரும் தறுவாயில் இருந்தது, ஆயுத பூஜை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. இனிமேல் நம் பாக்கெட்டில் இதுதான் என்றேன். அத்தை படத்தை மடித்து என் கையில் கொடுத்து, "படிச்ச புள்ள, உனக்குத் தெரியாததா" என்று சம்மதித்தார். அந்த வார்த்தைக்கு நான் தகுதியானவன்தானா என்று ஒரு நிமிஷமாவது யோசித்திருக்கலாம்.

சிவாஜி நகரில் காதர் பாயின் அச்சகம். அந்தக் காலத்தில் படத்தைக் கல்லில் ஏற்றித்தான் அடிப்பார்கள், நிறத்துக்கு ஒரு கல். புதுப் படம் ஏற்றவேண்டுமென்றால் கல்லின் மேல் மணலும் தண்ணீரும் போட்டுப் பழைய படத்தைத் தேய்த்து எடுக்கவேண்டும். மாமா வரைந்த மூலப்படத்தைக் கரையான் எப்போதோ தின்றுவிட்டது. கிளி அந்தக் கற்களில் மட்டும்தான் இருந்தது.

"வேற கல்லு வர ரெண்டு வாரம் ஆவும் தம்பி," என்றார் காதர் பாய். "இதத் தேச்சிட்டா திரும்ப வராது. அம்மாவ ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்களேன்."

"கேக்க என்ன இருக்கு பாய், தேச்சிடுங்க," என்றேன்.

தேய்த்தார்கள். நான் பக்கத்தில் நின்று, பழையது போனால்தான் புதியது வரும் என்று அவருக்குப் பிரசங்கம் வேறு செய்தேன். அவர் கல்லின் மேல் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார்.

படமே பேசவேண்டும் என்பதற்காக, கிளி மார்க் என்ற எழுத்துகளையும் லேபிளிலிருந்து எடுத்துவிட்டேன். எழுத்தை எடுத்ததால் பெரிய கெடுதல் ஒன்றும் வந்துவிடவில்லை. எங்கள் வத்தியை வாங்கியவர்களில் பாதிப்பேர் எழுத்துக்கூட்டத் தெரியாதவர்கள். அவர்கள் படத்தைப் பார்த்துத்தான் வாங்குவார்கள். இது பின்கட்டில் இருந்த ஆறு பேருக்கும் தெரியும். (முதல் மார்க் வாங்கியவனுக்குத்தான் தெரியவில்லை.)

பாக்கெட்டுகள் கட்டுக்கட்டாகத் திரும்பி வர ஆரம்பித்ததும், அத்தை என்னையும் கூட்டிக்கொண்டு ஹொஸ்கோட்டைச் சந்தைக்குப் போனார். வழக்கமாகத் தரகர் மூலம் எங்கள் சரக்கை வாங்கி விற்கும் செட்டியார் கடை. ஒரு அம்மாள் வந்து எங்கள் பாக்கெட்டை எடுத்தார், திருப்பிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். "இது கிணி அல்ல", இது கிளி இல்லை என்று கன்னடத்தில் சொல்லிக் கீழே வைத்துவிட்டு, மயில் படம் போட்ட வேறொரு பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போனார்.

செட்டியாருக்கு அத்தையைப் பார்த்ததும் ஒரே ஆதங்கம். குரலைத் தாழ்த்தி, யாரோ ஒரு மோசக்காரன் உங்கள் கிளியை உடைத்துப்போட்டுப் போலிச் சரக்கு விற்கிறான், சும்மா விடாதீர்கள், போலீசில் எழுதிக் கொடுங்கள் என்றார். மோசக்காரன் பக்கத்தில்தான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். அத்தை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "விசாரிக்கிறேன்" என்று மட்டும் சொன்னார்.

திரும்பும்போது பஸ்ஸில், காதர் பாயிடம் சொல்லிப் பழைய கிளியையே போடச் சொல் என்றார். அப்போதுதான் கல்லைத் தேய்த்த விஷயத்தைச் சொல்லவேண்டியதாயிற்று.

"யாரு தேய்க்கச் சொன்னது?"

"நான்தான் அத்தை."

அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அல்சூர் ஏரி கண்ணில் பட்டபோது, ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார். "அவரு கையால போட்டதுல அது ஒண்ணுதாண்டா மிச்சம் இருந்தது."

அவர் என்னை அடித்திருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அந்த ஆயுத பூஜைக்கு ஆறு பேரில் நாலு பேருக்கு வேலையில்லை. அந்தோணியம்மாள் சித்தாளாகக் கட்டட வேலைக்குப் போனார். நான் ஒரு பழைய பாக்கெட்டை முன்னால் வைத்துக்கொண்டு மாமாவின் கிளியைப் பார்த்து வரைய உட்கார்ந்தேன். முதலில் வந்தது பச்சை பூசிய காக்கை. அடுத்தது, யாரோ கடன் கேட்டதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. வரைந்து வரைந்து பார்த்தபோதுதான் கிளி ஒரு காலை லேசாகத் தூக்கியிருப்பது தெரிந்தது. அலகு கொஞ்சம் திறந்திருந்தது. கிளையில் தொங்கிய கொய்யாவில் ஒரு கடி. சின்ன வயதிலிருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் அந்த லேபிளைப் பசை தடவி ஒட்டியிருக்கிறேன். ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

ஒரு வழியாக ஒரு கிளியை வரைந்து அச்சடித்தோம். செட்டியார் அதைப் பார்த்துவிட்டுக் கிளிக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். ஆனாலும் வாங்கிக்கொண்டார். வியாபாரம் மெல்ல மெல்லத் திரும்பியது, பழைய அளவுக்கு ஒருநாளும் வரவில்லை. பொங்கல் கழித்துத் திரும்பி வந்த அந்தோணியம்மாள் புது லேபிளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "கண்ணு ரெண்டும் எடத்துல இருக்குதா தம்பி?" என்று கேட்டார். பின்கட்டே சிரித்தது. மாதக்கணக்கில் சிரிக்காத அத்தையும் சிரித்துவிட்டார்.

அன்றிலிருந்து அது குடும்பச் சொத்து. எனக்குப் பெண் பார்த்துவிட்டு வந்தபோது கண் இரண்டும் இடத்தில் இருக்கிறதா என்றார்கள். என் மகள் பிறந்தபோது அத்தை ஆஸ்பத்திரிக்கு வந்து, குழந்தையின் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்து, "பக்கத்துக்கு ஒண்ணு இருக்குடா, பயப்படாத" என்றார்.

அத்தையிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று எத்தனையோ தடவை வாயெடுத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் யாராவது அந்த ஜோக்கைச் சொல்லிவிடுவார்கள், அத்தை சிரித்துவிடுவார், எனக்கும் அது வசதியாகப் போய்விடும். இப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போது கேட்பதற்கு அத்தை இல்லை.

அத்தையின் அதே வீட்டில்தான் இப்போதும் இருக்கிறோம். போன மாதம் என் பேத்தி ஒரு கிளி வரைந்து கொண்டுவந்து காட்டினாள். இரண்டு கண்ணும் ஒரே பக்கம். வீடே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு, வத்தி உருட்டிய அந்தப் பின்கட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் தனியாக நின்றுகொண்டிருந்தேன்.