செத்ததுக்கு வாரண்டி கிடையாது

பட்டறைத் தெருக் கோடியில் இருந்த பழைய கிடங்கில் செத்த கார்கள் உயிர்த்தெழுந்துகொண்டிருந்தன. சந்தேகப்படுகிறவர்கள் வாசலில் நின்ற வரிசையைப் பார்த்துக்கொள்ளலாம். கயிறு கட்டி இழுத்து வந்தவை, மாமனாரை இறக்கித் தள்ளவைத்துக் கொண்டுவந்தவை என எல்லாமே மின்சாரக் கார்கள். வரிசையில் ஒரு பேராசிரியர், ஒரு வங்கி மேலாளர், இரண்டு வக்கீல்கள். படிக்காதவர்களைத்தான் காணோம். பாவம், அவர்கள் சைக்கிளில் வேலைக்குப் போய்விட்டார்கள்.

உள்ளே இருந்தவர் கரண்ட் சாமியார். நீல அங்கி, காலில் ரப்பர் செருப்பு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப். சாமியாருக்கும் ஷாக் அடிக்கும் போலிருக்கிறது. காரின் முன்மூடியில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடி, "உயிர் தொண்டைக்குழியில நிக்குது" என்பார். கூட்டம் உருகிவிடும்.

நம் டாக்ஸிக்காரர் இங்கே வந்து மாட்டியது தனிக் கூத்து. அவர் காரில் முழுச் சார்ஜ் ஏற்றினாலும், வாடிக்கையாளர் ஏறிக் கதவைச் சாத்துவதற்குள் பாதி கரைந்துவிடும். வீட்டில் பாதி அடுப்பு எரிவது அந்தக் காரால்தான். வாரண்டியோ அந்த மாதத்தோடு முடிகிறது. அடித்துப் பிடித்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்கு ஓடினார்.

"சார், பேட்டரி செத்துப்போச்சு."

வாரண்டி மேஜையில் இருந்தவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "வாரண்டி பழுதுக்குத்தாங்க. செத்ததுக்குக் கிடையாது."

"ரெண்டும் ஒண்ணுதானே சார்?"

"அது எப்படிங்க ஒண்ணாகும்? உங்க வாயாலயே செத்துப்போச்சுன்னு சொல்லிட்டீங்க. இனி நான் என்ன பண்றது?" பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு மனசு கேக்கலை. பட்டறைத் தெருவுல ஒரு சாமியார் இருக்காரு, போய்ப் பாருங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

இந்த இலக்கணப் பாடத்தை நம்மவர் அப்படியே விழுங்கினார். ஒரு வார்த்தையைத் தப்பாகச் சொல்லிக் குடும்பத்தையே நடுத்தெருவில் நிறுத்திவிட்டோமே என்று வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு போனார்.

சாமியார் அன்றைக்கே காரை எழுப்பிவிட்டார். ஸ்டியரிங்குக்கு அடியில் கையை விட்டு, ஏதோ முணுமுணுத்து, ஒரு கறுப்புத் துணிப்பையைக் கட்டினார். மீட்டர் பன்னிரண்டிலிருந்து ஒரே தாவலில் நூறுக்குப் போனது. டாக்ஸிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இது பச்சை உயிர். வெள்ளிக்கிழமை வரைக்கும் ஓட்டாதே" என்றார் சாமியார். "அன்னிக்குப் பேட்டரிப் பெட்டியைத் திறந்து செப்புத் தகடு வைக்கணும். அப்பத்தான் உயிர் தங்கும். கம்பெனிக்காரன் புது பேட்டரி குடுத்தாலும் வாங்கிடாதே. அது அடுத்த வண்டியோட உயிர், உனக்கு ஒத்துக்காது."

உயிர்த்தெழுந்த காரை நாலு பேர் சேர்ந்து வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

டாக்ஸிக்காரரின் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு மட்டும் சிரிப்பு வந்தது.

"ஏங்க, உயிர் வந்துடுச்சுன்னா எதுக்குத் தள்ளிட்டு வந்தீங்க?"

"பச்சை உயிர். உனக்கு அதெல்லாம் புரியாது."

"எங்க வார்டுல பிழைச்சவங்களை எழுப்பி நடக்க விடுவோம். நடந்தாத்தான் பிழைச்சதா அர்த்தம். சரி, அவரு ஸ்டெதாஸ்கோப்பை எங்க வெச்சுப் பார்த்தாரு?"

"முன்மூடி மேல."

"பேட்டரி எங்க இருக்கு?"

"சீட்டுக்கு அடியில."

சொல்லி முடித்த பிறகுதான் டாக்ஸிக்காரருக்கே என்னவோ போல இருந்தது. ஆனாலும் மீட்டர் நூறு காட்டுகிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டார். மீட்டர் பொய் சொல்லுமா என்ன?

வெள்ளிக்கிழமை காரை மறுபடி கிடங்குக்குத் தள்ளிக்கொண்டு போனபோது அவளும் கூடவே வந்தாள். சாமியாரின் ஆள் ஸ்க்ரூடிரைவரோடு காருக்கு அடியில் நுழைந்தான். அவளும் குனிந்து பார்த்தாள். பெட்டியின் விளிம்பில் கம்பெனியின் மஞ்சள் சீல் ஒட்டியிருந்தது. பிரித்தால் வாரண்டி செல்லாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"கையை எடுங்க" என்றாள். "சாமி, தகடு அப்புறம் வைக்கலாம். முதல்ல இந்த வண்டியில ஏறி மேட்டுப்பாலம் வரைக்கும் ஒரு சுத்து போயிட்டு வாங்க. நூறு இருக்குதே, நாலு ஊரு போகலாம்."

"சோதனை பண்ணினா உயிர் கோவிச்சுக்கும் தாயி."

மாட்டிவிட்டது அவள் இல்லை, பக்தர்கள்தான். "ஏறுங்க சாமி, இந்தம்மாவுக்குக் காட்டிட்டு வாங்க" என்று பேராசிரியர் ஒரு கையையும் வக்கீல் ஒரு கையையும் பிடித்து, அவரை முன்சீட்டில் திணித்துக் கதவைச் சாத்தினார்கள். பக்தி முற்றினால் சாமிக்கே ஆபத்து.

டாக்ஸிக்காரர் வண்டியை எடுத்தார். நர்ஸ் பின்சீட்டில். கூட்டம் பின்னாலேயே நடந்தது. பாலத்து மேட்டில் பாதி ஏறியதும் கார் முனகியது, பிறகு நின்றது. மீட்டர் மட்டும் நூறு என்று சிரித்துக்கொண்டிருந்தது. நர்ஸ் இறங்கி முன்பக்கம் வந்து, ஸ்டியரிங்குக்கு அடியில் இருந்த கறுப்புப் பையைப் பிடித்து இழுத்தாள். கட்டைவிரல் அளவு கருவி ஒன்று கழன்று வந்தது. மீட்டர் நூறிலிருந்து ஒன்றுக்கு விழுந்தது. மீட்டருக்குப் பொய் சொல்லிக் கொடுத்தது அந்தக் கருவிதான்.

அந்த நேரம் பார்த்துச் சாமியாரின் செல்போன் அடித்தது. பதற்றத்தில் அவர் விரல் ஸ்பீக்கரில் பட்டுவிட்டது. "என்னய்யா, அந்த டாக்ஸிக்குத் தகடு வெச்சாச்சா? சீல் உடைஞ்சாத்தான் நமக்கு நிம்மதி. இல்லேன்னா புது பேட்டரி குடுத்துத் தொலைக்கணும்."

வாரண்டி மேஜைக்காரரின் குரல். டாக்ஸிக்காரருக்கு வந்த கோபத்தில் காது மடல் சிவந்துவிட்டது. "செத்ததுக்கு வாரண்டி கிடையாதுன்னு சொன்ன அதே ஆளு" என்று பல்லைக் கடித்தார். சாமியார் கதவைத் திறந்து ரப்பர் செருப்பை உதறிவிட்டு ஓடினார். அவர் சார்ஜ் மட்டும் குறையவே இல்லை.

வரிசை அப்படியே சர்வீஸ் சென்டருக்கு இடம் மாறியது. மேஜை காலியாக இருந்தது. அதன் சொந்தக்காரருக்குத் திடீர் வயிற்றுவலியாம். கூட்டத்தையும் கருவியையும் பார்த்த கம்பெனி மேலாளர், சீல் உடைந்தவர்களுக்கும் சேர்த்துப் புது பேட்டரி தருவதாகச் சொல்லி எல்லோருக்கும் நாற்காலி போடச் சொன்னார்.

"உங்களுக்கு என்னங்க பிரச்சினை?" என்று டாக்ஸிக்காரரிடம் கேட்டார்.

"பேட்டரி பழுதுங்க" என்றார் நம்மவர். அந்த ஒரு வார்த்தையை நிறுத்தி, நிதானமாக, வாய் நிறையச் சொன்னார்.

வெளியே வரும்போது பேராசிரியர் நர்ஸை ஓரமாகக் கூப்பிட்டார். முகத்தில் பெரிய கவலை. "அம்மா, இவரு போலின்னு தெரிஞ்சுபோச்சு. ஒரிஜினல் சாமியார் எங்க இருக்காருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"உங்க கழுத்துக்கு மேலதான் சார் இருக்காரு" என்றாள் அவள். "ரொம்ப நாளாத் தூங்குறாரு. எழுப்பிப் பாருங்க."