வீட்டுப் பாதுகாப்புக் குழுவின் முதல் கூட்டம்

மனிதகுலத்தை விபத்துகளிலிருந்து மீட்பதற்கென்றே சிலர் பிறக்கிறார்கள். நம் பாதுகாப்பு அதிகாரி அந்த ரகம். இரும்புத் தொழிற்சாலையில் அவர் பொறுப்பேற்ற நாளிலிருந்து நிர்வாகத்தின் தவறால் ஒரு விபத்துகூட நடந்ததில்லை. நடந்ததெல்லாம் தொழிலாளியின் கவனக்குறைவால் நடந்தவை. விசாரித்து அப்படி எழுதியவரும் அவரேதான் என்பதால் இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. போன மாதம் மூடி இல்லாத இயந்திரத்தில் ஒருவருக்கு விரல் போயிற்று. மூடி போடச் சொல்லி அந்த மனிதர் பலமுறை கேட்டிருந்தாராம். "விரலை அங்கே வைத்தது யார்?" என்ற ஒரே கேள்வியில் அதிகாரி விஷயத்தை முடித்தார். வீட்டுக்கு வந்து இதையெல்லாம் மனைவியிடம் பெருமையாகவும் சொன்னார்.

இப்பேர்ப்பட்டவரின் குட்டி மகள் தவழ ஆரம்பித்தாள். அதிகாரி சும்மா இருப்பாரா?

மேஜை முனைகளுக்கெல்லாம் ரப்பர் மாட்டினார். மாடிப்படியில் கேட் போட்டார். பிளக் ஓட்டைகளை அடைத்தார். சமையலறை அலமாரிகளுக்குக் 'குழந்தையால் திறக்கவே முடியாத' பூட்டுகள் வந்தன. அவற்றை மனைவியாலும் திறக்க முடியவில்லை. உப்பு வேண்டுமென்றால் குட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அலமாரி முன்னால் உட்கார வைப்பாள். குட்டி ஓர் இழுப்பு இழுப்பாள், திறந்துகொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கூடத்தில் வீட்டுப் பாதுகாப்புக் குழு கூடியது. தலைவர், அதிகாரி. உறுப்பினர்கள், மனைவியும் வீட்டோடு தங்கி வேலை தேடிக்கொண்டிருந்த மச்சினனும். குட்டி 'பயனாளி' என்ற முறையில் தரையில் இடம்பெற்றிருந்தாள்.

"முதல்ல குழந்தையோட பார்வையில வீட்டைப் பார்க்கணும். எல்லாரும் தவழுங்க," என்றார் தலைவர்.

தவழ்ந்தார்கள். பெரியவர்களுக்கு இப்போதாவது புத்தி வந்ததே என்று குட்டிக்கு ஒரே கொண்டாட்டம். சோபாவுக்குப் பின்னால் போன மச்சினன் நெடுநேரம் திரும்பவில்லை.

"என்னப்பா பண்றே?"

"கள ஆய்வு மாமா," என்று ஒரு கொட்டாவி பதில் சொன்னது.

மனைவி முட்டியைத் தேய்த்துக்கொண்டு எழுந்தாள். "ஏங்க, டீயைக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து இந்தக் குட்டை மேஜையில வைக்கிறீங்க. விரிப்பு வேற தொங்குது. அவ பிடிச்சு இழுத்தா என்னாகும்?"

"அது இன்னைக்கு நிகழ்ச்சி நிரல்ல இல்லம்மா. கடைசியில 'இதர விஷயங்கள்'ல எடுத்துக்கலாம்."

"எத்தனை தடவைங்க சொல்றது?"

"எழுத்து மூலமா சொல்லலியே."

இதற்கு மேல் பேசினால் தொண்டை வறளும். தலைவர் பிளாஸ்கிலிருந்து ஆவி பறக்க டீ ஊற்றி, குட்டை மேஜையில் வைத்துவிட்டு, 'வருமுன் காத்தல்' பற்றி உரையாற்றலானார். உரை நல்ல உரை; மச்சினன்கூட சோபாவுக்குப் பின்னாலிருந்து வந்து உட்கார்ந்தான். எல்லாரும் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குட்டி மட்டும் விரிப்பைப் பார்த்தாள்.

மனைவி பாய்ந்தாள். ஒரு கையால் குழந்தையை வாரினாள், மறு கையில் டீ முழுவதும் கொட்டியது. குட்டி மேல் ஒரு சொட்டும் படவில்லை. பயத்தில் அவள் வீறிட்டு அழுதாள். மச்சினன் எழுந்து ஓடிவந்து, "குழாயில காட்டுக்கா, எடுக்காத, அப்படியே காட்டு," என்று அக்காவைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

அதிகாரியும் பதறித்தான் போனார். ஆனாலும் பதவி என்று ஒன்று இருக்கிறதே. தொண்டையைச் செருமிக்கொண்டு பின்னாலேயே வந்து விசாரணையைத் தொடங்கினார்.

"விரிப்பை இழுத்தது யாரு?"

"குட்டிதான் மாமா."

"அவ்வளவுதான். காரணம், சம்பந்தப்பட்டவரோட கவனக்குறைவு. எழுதிக்கோ."

மனைவி குழாயை மூடவில்லை. கை முழங்கைவரை சிவந்திருந்தது. தேம்பிக்கொண்டிருந்த குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

"தாராளமா எழுதுங்க. அந்த விரல் போன மனுஷனாவது மூடி வேணும்னு வாயைத் திறந்து கேட்டாரு. இவளுக்கு இன்னும் பேச்சே வரல. உங்க வேலை இன்னும் சுலபம்."