மதாம் சொலாஞ்சுக்குப் போட்ட மாலை

ஒரு விஷயத்தைப் பற்றி ஆறு மாதம் மட்டும் வாசித்த ஆளிடம் அகப்பட்டுவிடாதீர்கள். ஒன்றுமே வாசிக்காதவர் பேசாமல் இருப்பார். ஆறு வருடம் வாசித்தவருக்குச் சந்தேகங்கள் வந்திருக்கும். ஆறு மாதக்காரர்தான் ஆபத்து. ஒன்பது வருடங்களுக்கு முன்பு லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் அப்படி ஒருத்தி இருந்தாள். (நான்தான்.)

லண்டனுக்கு வருமுன் ஏழு வருடம் பாரிஸில் இருந்ததால் எனக்குப் பிரெஞ்சு வரும். அந்தத் துணிச்சலில் பிரெஞ்சு நாடக மேடையின் பெண்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். நாடகம் எழுதிவிட்டு ஆண் பெயருக்குள் ஒளிந்துகொண்டவர்கள், ஊரே கைதட்டியும் செத்த பிறகு தேவாலயம் அடக்கம் செய்ய மறுத்த நடிகைகள். வாசித்து அழுதேன். அழுத கையோடு வீட்டில் எல்லோருக்கும் வகுப்பெடுத்தேன். என் கணவர் "இண்டைக்கு ஆரை அடக்கம் செய்யேல்லை?" என்று கேட்டுவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார்.

அப்படியொரு நடிகையின் கடைசி நாளைப் பற்றி மதாம் சொலாஞ் என்பவர் எழுதிய நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தேன். மதாம் ஒரு காலத்தில் பாரிஸ் நடிகை. எழுபது தாண்டி, லண்டனில் மகளோடு இருந்தார். எங்கள் பெண்கள் குழு அதை மேடையேற்ற அவருடைய அனுமதி வேண்டும். ஒரு காட்சியைப் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். நடிகையாக நடிப்பது யார் என்ற கேள்வியே எழவில்லை. (மொழிபெயர்த்தவளுக்கு அந்த உரிமைகூட இல்லையா?) பணிப்பெண்ணாக என் மச்சாள், கணவரின் தங்கை வசந்தி. அவளுக்கு நாலே நாலு வசனம்.

விருந்தினர் வந்தால் மாலையும் பொன்னாடையும் இல்லாமல் நம்முடைய கூட்டம் எங்கே தொடங்கும்? ரோஜா உதிர்ந்துவிடும் என்று, வெம்பிளிப் பூக்கடையில் சொல்லிவைத்துக் கார்னேஷன் பூவில் முழங்கால் வரை தொங்கும் மாலை கட்டுவித்தேன். பொன்னாடை கிளிப்பச்சை, சரிகைக் கரை.

காட்சி பார்க்க வந்த அன்று மண்டபத்தில் மாலையைக் கண்டதும் மதாம் ஓரடி பின்னால் வைத்தார். "நோன், நோன்" என்றார். நான் சிரித்துக்கொண்டே ஓரடி முன்னால் வைத்தேன்.

"மச்சாள், மனுசி வேண்டாமெண்டுறா," என்றாள் வசந்தி.

"முதல்ல எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம். நாங்கள்தான் வற்புறுத்த வேணும்."

"உண்மையா வேண்டாமெண்டுறா போலக் கிடக்கு."

இரண்டாம் தரம் சோறு வேண்டாம் என்று கையால் மறைக்கிற விருந்தாளியை நாம் விட்டுவிடுகிறோமா என்ன? மதாம் நாற்காலியைச் சுற்றி நடந்தார். நானும் மாலையோடு சுற்றினேன். சபை கைதட்டியது. மூன்றாம் சுற்றில் பிடித்துப் போட்டேவிட்டேன். பச்சைப் பொன்னாடையையும் அவர் தோளில் இறுக்கிச் சுற்றினேன்.

பிறகு காட்சி. மூன்று நிமிடத்தில் சாக வேண்டிய நான் பதினொரு நிமிடம் செத்தேன். பாதி செத்தபோது ஒரு கண்ணைத் திறந்து பார்த்தால், மதாமின் கண்கள் கலங்கியிருந்தன. உருகிவிட்டார் என்று நினைத்து இன்னும் ஒரு நிமிடம் சேர்த்துச் செத்தேன்.

முடிந்ததும் என்னைப் பக்கத்தில் இருத்திச் சொன்னார். அவர்களுடைய நாடகக் கம்பெனிகளில் ஒரு காலத்தில், தொடர்ந்து வைத்துக்கொள்ளும் நடிகைக்கு ரோஜா கொடுப்பார்களாம். நிறுத்தப்போகிறவளுக்குக் கார்னேஷன். அதனால் இன்றும் நடிகைகளுக்கு அந்தப் பூவை நீட்டமாட்டார்கள். மேடையில் பச்சை உடுப்பும் ஆகாது.

"முப்பத்தாறு வயதில் எனக்கும் ஒரு கொத்து வந்தது," என்றார். "ஒப்பனை அறையில் இருந்து அழுதேன். நீங்கள் முழங்கால் வரை தந்திருக்கிறீர்கள்."

ஆறு மாதமாகச் செத்துப்போன பெண்களுக்காக அழுதவள், உயிரோடு ஒருத்தி எதிரில் நின்று வேண்டாம் என்று சொன்னதைக் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட, அந்த முகத்தைப் பார்க்க வேதனையாக இருந்தது. வாய் குழறி மன்னிப்புக் கேட்டேன்.

அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். அனுமதி உண்டு, ஒரு நிபந்தனை என்றார். "பணிப்பெண்ணாக வந்தவர்தான் நடிகையாக வேண்டும். அவர் உங்களைப் பார்த்த பார்வையில்தான் நீங்கள் சாகிறீர்கள் என்பதே எனக்குத் தெரிந்தது." சொல்லிவிட்டு மாலையைக் கழற்றி, மிகுந்த அன்போடு என் கழுத்தில் போட்டார். "என்னை நிறுத்திய பிறகுதான் நான் எழுதத் தொடங்கினேன். உங்கள் மொழிபெயர்ப்பைத் தமிழ் தெரிந்த ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன், காதுக்கு நன்றாக இருந்தது."

"என்னவாம் மச்சாள்?" என்று வசந்தி கேட்டாள். அவளுக்குப் பிரெஞ்சு தெரியாது. அதையும் மொழிபெயர்க்க வேண்டியவள் நான்தான்.

வசந்தி அந்த நாடகத்தில் ஐந்து மேடை ஏறி, ஐந்திலும் மூன்றே நிமிடத்தில் செத்துச் சபையை அழவைத்தாள். நான் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுத்தேன். அதற்குப் பிறகு நாலு நாடகம் மொழிபெயர்த்துவிட்டேன். எதிலும் எனக்கு வேடமில்லை. ஆனால் ஒவ்வொரு கல்யாண நாளிலும் கணவர் பூங்கொத்தோடு வாசலுக்கு வரும்போது, எங்கள் மகள் ஓடிப்போய் முதலில் காகிதத்தை விலக்கிப் பார்ப்பாள்.

"அப்பா, இந்த வருசம் அம்மாவை வச்சிருக்கிறீங்களோ, நிப்பாட்டுறீங்களோ?"