மைத்துனர் உருவில் வைக்கோல் விற்ற விவரம்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். அங்கே உங்கள் முழங்கால் வலியும் உங்கள் வீட்டு அக்காவின் பொறுமையும் எந்த அளவில் இருக்கின்றன என்று அறிய ஆவல். அடுத்த வாரம் நேரில் வந்து வைக்கோல் வியாபாரத்தை மேற்பார்வை செய்வதாக எழுதியிருந்தீர்கள். அந்தச் சிரமம் உங்களுக்கு வேண்டவே வேண்டாம்.

போன அறுவடையின்போது வரப்பில் நின்று, "வைக்கோலை எரிக்கிறவன் காசை எரிக்கிறான், சந்தையைத் தேடுய்யா!" என்று விரலை நீட்டிச் சொல்லிவிட்டுப் போனீர்கள். தேடினேன். அட்டை ஆலைக்காரர் ஒரு பிடி எடுத்து முகர்ந்துவிட்டு ஈரம் என்றார். காளான் வளர்ப்பவர் அதே பிடியை முகர்ந்துவிட்டு ரொம்பக் காய்ந்துவிட்டது என்றார். மாட்டுக்காரரோ, சும்மா கொடுத்தால் எடுத்துக்கொள்கிறேன், வண்டியும் நீங்களே பிடித்து அனுப்புங்கள் என்றார். எரித்தால் அபராதம்; எரிக்காவிட்டால், மழைக்குள் வயல் காலியாகாமல் இந்த வருட விதைப்பே போய்விடும். உண்மையைச் சொல்கிறேன், பயத்தில் சோறு இறங்கவில்லை எனக்கு. அந்த நேரத்தில்தான் கீரைப் பாத்தியைக் குருவி கொத்துகிறதே என்று உங்கள் தங்கை ஒரு காவல் பொம்மை கட்டச் சொன்னாள். ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். ஆள் பாதிக்கு வைக்கோல் இருந்தது. ஆடை பாதிக்கு, நீங்கள் மறந்துவிட்டுப் போன பழுப்புக் கோட்டும் தொளதொளக் கால்சட்டையும் இருந்தன.

மைத்துனர் அவர்களே, நான் கட்டியது சாதாரண பொம்மைதான். உங்கள் தங்கைதான் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "அண்ணனுக்கு வயிறு இன்னும் கொஞ்சம் முன்னால வரும்ங்க, நல்லா அமுக்கித் திணிங்க. கையைச் சும்மா தொங்க விடாதீங்க, விரலை நீட்டி வைங்க. ஹாங், இப்ப சரி!" என்றாள். சிறுவயதில் வாய்ப்பாடு தப்பியதற்கெல்லாம் அவளை எத்தனை முறை குட்டினீர்களோ தெரியவில்லை, அத்தனையையும் சேர்த்துத் திணித்துவிட்டாள். மறுநாள் காலை அந்த வழியே வந்த தலைமை ஆசிரியர் சைக்கிளை விட்டு இறங்கி, "ஐயா, ஆய்வுக்கு எப்ப வந்தீங்க?" என்று கும்பிட்டிருக்கிறார். நீங்கள் பள்ளி ஆய்வாளர் வேலையிலிருந்து ஓய்வுபெற்றது நினைவுக்கு வரவில்லையாம். பொம்மையிடமா பேசினீர்கள் என்று கேட்டால், "முறைச்சுக்கிட்டே நின்னாரு, பதில் சொல்லலை. நேர்ல வந்தாலும் அவரு அப்படித்தானேங்க?" என்கிறார்!

அதன் பிறகு வினை என் கையை மீறிப் போய்விட்டது. பக்கத்து வயல்காரர் வந்து, "நம்ம பொம்மை தோள்ல கிளி உட்கார்ந்து தூங்குது, உங்க பொம்மையைப் பார்த்தா வந்த வழியே திரும்பிடுது, எனக்கு ரெண்டு கட்டுங்க, காசு தர்றேன்" என்றார். அவரைப் பார்த்து இன்னொருவர், அவரைப் பார்த்து அவர் சம்பந்தி. கோட்டுக்கு எங்கே போவது? தையற்காரர் உங்கள் கோட்டைப் பிரித்து அளவெடுத்து, கோணிச்சாக்கில் அச்சு அசலாகத் தைத்துத் தள்ளுகிறார். இப்போது பஸ் நிறுத்தத்தில் இறங்கினால் எங்கள் வீடு வரைக்கும் இரு பக்கமும் நீங்கள்தான். பாதி வைக்கோல் போய்விட்டது, மானமும் போய்விட்டது. மானம் என்னுடையதல்ல, உங்களுடையது என்பதுதான் வருத்தம். இனி ஒரு பொம்மைகூடக் கட்ட மாட்டேன், கட்டியதையும் திரும்ப வாங்கிவிடுகிறேன், இது சத்தியம். அதுவரை இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம் என்று காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொள்கிறேன்.

பெரியவர் நீங்கள். ஆசியை அனுப்புங்கள், ஆளாக வராதீர்கள். அக்காவுக்கு எங்கள் வணக்கம்.

இப்படிக்கு,
என்றும் உங்களுக்கு அடங்கிய
தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து ஒரு கூட்டமே வந்து நிற்கிறது. மீதி வைக்கோல் மொத்தத்தையும் பொம்மையாகவே எடுத்துக்கொள்வார்களாம். ஆனால் இப்படி ஒரு மனிதர் உயிரோடு இருக்கிறார் என்பதை நம்ப மறுக்கிறார்கள்; நேரில் பார்த்தால்தான் காசை எடுப்பார்களாம். ஆகவே மேலே எழுதியதைப் படிக்காததாகப் பாவித்து, உடனே முதல் பஸ்ஸில் புறப்பட்டு வரவும். வயல் நடுவில் சற்று நேரம் நின்றால் போதும். உங்கள் தங்கை ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னாள்: "அண்ணனை வாயை மட்டும் திறக்க வேண்டாம்னு எழுதுங்க. பேசினா வாங்க வந்தவங்களும் ஓடிடுவாங்க. நமக்குப் பறவை ஓடினாப் போதும்."