பேச்சுக்கென்று ஒரு ஸ்பீக்கர்

மனித இனத்தின் காது ஆதிகாலம் முதல் எதற்காகக் காத்திருந்ததோ, அந்தப் பொழுது 1998-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொழியூர் கிரகோரியின் வீட்டு முன்னறையில் விடிந்தது.

அறையின் மூலையில் லிண்டோ உட்கார்ந்திருந்தான். கிரகோரியின் மகன், வயது இருபத்துமூன்று, ஷார்ஜாவில் கப்பல் வெல்டர், தற்சமயம் லீவில். அவனிடம் ஒரு சின்னச் செய்தி இருந்தது. கப்பலின் எண்ணெய்த் தொட்டிக்குள் பற்றவைக்கும்போது இரண்டு தடவை மூச்சுமுட்டி மயங்கி விழுந்திருந்தான். வெள்ளிக்கிழமை விமானம். திரும்பிப் போகவில்லை என்று அப்பாவிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இப்படிப்பட்ட அற்ப விஷயங்களை நடுவே நுழைக்க அன்றைய 'உயர்மட்டக் கூட்டம்' அனுமதிக்கவில்லை. கூட்டத்தின் பொருள்: 'ஹோம் தியேட்டருக்கு உறுப்புகள் தேர்ந்தெடுத்தல்'.

நெய்யாற்றின்கரையிலிருந்து ஒலி நிபுணர் ராபின்சன் ஒரு ஆட்டோ நிறையப் பெட்டிகளோடு எழுந்தருளியிருந்தார். முதலில் சப்வூஃபர் விசாரணைக்கு வந்தது. மீன்பிடி வள்ளத்தில் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே காலம் கழித்த கிரகோரிக்கு எட்டு இஞ்ச் போதவில்லை.

"எலே ராபின்சா, எஞ்சின் ஸ்டார்ட் ஆனா நெஞ்சுல வந்து முட்டும். இது முட்டல்லியே!"

"பன்னெண்டு இஞ்ச் உண்டு அண்ணா. ஆனா கூரை ஓடு இளகும்."

"இளகட்டு. கடலு வந்து இளக்குறதுக்கு முன்ன நாமளே இளக்குனா ஒரு கவுரவம்தானே."

தீர்மானம் நிறைவேறியது.

தாய்மாமன் நேசமணி கோயில் திருநாளுக்கு மைக்செட் கட்டுகிறவர். பின்பக்கச் சுவருக்குத் திருநாளில் கட்டும் கோளாம்பிக் குழாய் ஒலிபெருக்கியைத் தவிர எதையும் ஏற்க மாட்டேன் என்றார்.

"அம்பூரி மலை வரைக்கும் கேக்கும் ஆக்கும்!"

"நாம என்ன அம்பூரில இருந்துக்கிட்டா மாமா படம் பாக்கப் போறோம்?" என்றான் லிண்டோ. இந்தக் கருத்து 'பரிசீலனைக்கு' ஒத்திவைக்கப்பட்டது. கோளாம்பி சுவரேறியது.

அடுத்து சென்டர் ஸ்பீக்கர். ராபின்சன் அதைக் கைக்குழந்தை போல் ஏந்தினார்.

"இதுல பாட்டு வராது, வெடி வராது. மனுஷன் பேசுறது மட்டும்தான் வரும்."

லிண்டோவின் அம்மா லூயிசாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "மனுஷன் பேசுறதக் கேக்கதுக்குன்னு தனியா ஒரு பெட்டியா! ஏசுவே!"

"அம்மா, எனக்கும் ஒரு காரியம் பேசணும்."

"பேசலாம் மக்கா. மொதல்ல பெட்டிய எங்க வைக்கன்னு முடிவாகட்டு."

திருஇருதயப் படத்துக்குக் கீழே வைக்கப்பட்டது. வயர்கள் இணைந்தன. ராபின்சன் ஒரு மைக்கைச் சொருகி லிண்டோவிடம் நீட்டினார். "தம்பி, எதாவது பேசு. டெஸ்டிங்குக்கு."

லிண்டோ மைக்கை வாங்கினான்.

"நான் லிண்டோ. வயசு இருபத்துமூணு. பொழியூர்ல இருந்து பேசுகேன். அப்பா, தொட்டிக்குள்ள எனக்கு மூச்சு கிட்டல்ல. ரெண்டு தடவ விழுந்துட்டேன். நான் இனி திரும்பிப் போவல்ல."

நாலு திசையிலிருந்தும் வந்தது. ஓடு அதிர்ந்தது. கிரகோரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"கொள்ளாம்," என்றார் கடைசியில். "பய மூச்சு வாங்குறது வரைக்கும் தெளிவாக் கேக்குது!"

"போவல்லன்னு சொன்ன எடத்துல லேசா ஒரு எரைச்சல் உண்டு," என்றார் நேசமணி. "ட்ரெபிள் கொறைக்கணும்."

"மக்கா, இன்னொருக்க சொல்லு," என்று எழுந்தாள் லூயிசா. "நான் அடுக்களைல நின்னு கேட்டுப் பாக்கேன்."

அவன் இன்னொரு முறை சொன்னான். அடுக்களையிலும் கேட்டது.

வெள்ளிக்கிழமை லிண்டோ விமானம் ஏறினான். அடுத்த லீவுக்கு இதைவிட நல்ல ஆம்ப்ளிஃபயர் கொண்டுவரச் சொல்லி, குடும்பமே வழியனுப்பியது.

இதை வாசிக்கிறவர்களில் யாராவது பொழியூர்ப் பக்கம் போனால், ஒரு உதவி. அந்த வீட்டில் ஏறி, மைக் இல்லாமல் சொல்லுங்கள்: அந்தப் பையனுக்கு மூச்சு முட்டுகிறது.